ஸஃபரும் ஸுஃப்ராவும்

அரபு மொழியில் ‘ஸஃபர்’ என்னும் சொல் பயணத்தைக் குறிக்கும். அதே வேரில் கிளைத்த ‘ஸுஃப்ரா’ என்னும் சொல்லுக்குப் பண்டைய அகராதிகள் கூறும் முதற்பொருள், பயணிக்காகச் சமைத்துக் கட்டப்பெறும் உணவு என்பதாகும். பின்னர் அவ்வுணவைக் கட்டிச் சென்ற தோலுக்கும், அத்தோலை விரித்து அதன்மேல் வைத்து உண்டமையால் உண்ணும் விரிப்புக்கும் அதுவே பெயராயிற்று. இன்றும் நம் இல்லங்களில் விருந்தினர் வந்ததும் ‘சுப்ராவை விரி’ என்று குரல் கொடுக்கிறோம். அந்த ஒரு சொல்லில் ஒட்டகப் பாதையில் சென்ற ஏதோ ஒரு வணிகனின் கட்டுச்சோறு இருக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

இவ்வேருக்கு வெளிப்படுத்துதல், திரை விலக்குதல் என்ற பொருளும் உண்டு. மனிதரின் உள்ளியல்பை வெளிப்படுத்துவதாலேயே பயணத்திற்கு ஸஃபர் என்று பெயர் வந்தது என இமாம் கஸ்ஸாலி (ரஹ்) போன்ற பெரியோர் விளக்குவர். ஒருவரை நன்கறிவேன் என்று சான்று கூற வந்தவரிடம், அவருடன் பயணம் செய்ததுண்டா என்று கலீஃபா உமர் (ரலி) அவர்கள் வினவியதாகவும் நூல்கள் உரைக்கின்றன. பயணம், உணவு, வெளிப்பாடு ஆகிய இம்மூன்று பொருளும் ஒருங்கே விளங்கும் வாய்ப்பு 2024 ஜனவரியில் எனக்குக் கிட்டியது.

எங்கள் நிக்காஹ் 1994 ஜனவரியில் நடைபெற்றது. ஆகவே அவ்வாண்டு முப்பது நிறைவுற்றது. ஹிஜ்ரிக் கணக்கிலோ அது முப்பத்தொன்றை நெருங்கிவிட்டது. சந்திர ஆண்டு சூரிய ஆண்டினும் ஏறத்தாழப் பதினொரு நாள் குறைவு; முப்பது ஆண்டில் அக்குறை ஓராண்டளவு சேர்ந்துவிடும். வளைகுடா நாட்டில் பணிபுரியும் எங்கள் மகனும் மகளும் இக்கணக்குகளில் கருத்துச் செலுத்தவில்லை. “வாப்பா, உம்மாவை அஞ்சு நாளைக்கு ஒரு நல்ல ஹோட்டல்ல தங்க வைங்க. உம்மா அடுப்படிப் பக்கமே போகக் கூடாது” என்று மகள் தொலைபேசியில் ஆணையிட்டாள். கடற்கரை ஓரத்துப் பெரிய விடுதி ஒன்றின் பெயரையும் கூறினாள்.

என் துணைவியார் அதற்கு இணங்கவில்லை. சற்று நேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னார்: “முப்பது வருஷமா ஊர் ஊராப் போய்ச் சாப்பிட்டுட்டு வந்து சொல்வீங்க. நான் கேட்டுக் கேட்டு ஆக்கினேன். அந்தக் கடைகளை எனக்குக் காட்டுங்க. நான் ஆக்கினது சரிதானான்னு பார்க்கணும்.”

இக்கூற்றை வாசகர்கள் முழுமையாக விளங்கிக்கொள்ள எங்கள் இல்லத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மத்ரஸாவில் ஓதி, பின்னர்ப் பள்ளிக்கூடத்தில் அரபும் தமிழும் கற்பிக்கும் பணியேற்றவன் நான். மீலாது மேடைகளுக்கும், இலக்கியக் கூட்டங்களுக்கும், விடைத்தாள் திருத்தும் பணிக்கும் ஊர்கள் பலவற்றுக்குச் சென்று வருவேன். திரும்பியதும் அவ்வூரில் உண்டதைப் பற்றித் துணைவியார் விசாரிப்பார். அது தேர்வாளர் நடத்தும் வாய்மொழித் தேர்வை ஒத்திருக்கும். “அரிசி உதிரி உதிரியா இருந்துச்சா, ஒட்டிக்கிட்டு இருந்துச்சா? காரம் மிளகா, மிளகாயா? முதல்ல வந்தது புதினா வாசமா, பட்டை வாசமா? கறி எலும்பை விட்டுப் பிரிஞ்சு வந்துச்சா?” நான் விடையளிப்பேன். அடுத்த வெள்ளிக்கிழமையோ அதற்கடுத்த வெள்ளிக்கிழமையோ அவ்வூர் உணவு எங்கள் சுப்ராவில் இருக்கும்.

மத்ரஸாக்களில் மூலநூலை ‘மத்ன்’ என்றும், அதற்கு எழுந்த விரிவுரையை ‘ஷரஹ்’ என்றும் வழங்குவோம். மூலத்தைக் கண்ணால் காணாமல், கேள்வியறிவு ஒன்றையே கொண்டு முப்பது ஆண்டுகள் விரிவுரை எழுதி வந்தவர் என் துணைவியார். இப்போது அவர் மூலத்தைப் பார்க்க விரும்பினார். இதனினும் நியாயமான விருப்பம் ஒன்றை நான் கேட்டதில்லை.

எங்கள் ஊர் ஆலிம் நண்பர் ஒருவர், “மணநாளை ஆண்டுதோறும் கொண்டாடுவது நம் மரபா?” என்று அன்போடு வினவினார். நியாயமான கேள்வியே. மெழுகுவர்த்தி ஏற்றுவதும் கேக் வெட்டுவதும் எங்கள் எண்ணத்தில் இல்லை என்றேன். மனைவியின் வாயில் ஊட்டும் ஒரு கவளத்திற்கும் நற்கூலி உண்டு என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் அறிவித்திருப்பதையும் நினைவூட்டினேன். நண்பர் நகைத்து, “அப்படியானால் திண்டுக்கல்லில் எனக்கும் சேர்த்து ஒரு கவளம் உண்ணும்” என்று விடை கொடுத்தார்.

பொங்கல் விடுமுறையை ஒட்டிய ஐந்து நாட்களுக்குத் திட்டமிட்டோம். பெட்டி ஒன்று, தொழுகை விரிப்பு இரண்டு, துணைவியாரின் சர்க்கரை நோய்க்கான மாத்திரைகள், மருத்துவர் எழுதிக் கொடுத்த கட்டுப்பாடுகள். இவற்றோடு புறப்பட்டோம்.

முதலில் திண்டுக்கல். பிரியாணி என்னும் சொல் ‘பிரியான்’ என்னும் பாரசீகச் சொல்லின் வழி வந்தது. வறுத்தது, பொரித்தது என்பது அதன் பொருள். சொல் பாரசீகமாயினும் திண்டுக்கல் பிரியாணியின் உயிர் நம் சீரகச் சம்பா அரிசி. சீரகத்தைப் போன்று சிறுத்து மெலிந்த மணியாதலின் அப்பெயர் பெற்றது. நெடிய பாஸ்மதி அரிசி தன் மணத்தைக் காட்டிக்கொண்டு தனித்து நிற்கும். சீரகச் சம்பாவோ கறியின் சாற்றை உறிஞ்சித் தன்னுள் வைத்துக்கொள்ளும். 1957-இல் நாகசாமி நாயுடு என்பவர் இவ்வூரில் ஆனந்த விலாஸ் என்ற பெயரில் பிரியாணிக் கடை தொடங்கினார். அவர் எப்போதும் தலைப்பாகை அணிந்திருந்தமையால் மக்கள் இட்ட ‘தலப்பாக்கட்டி’ என்னும் பெயரே நிலைத்துவிட்டது. இன்று அப்பெயர் கடல் கடந்தும் சென்றுள்ளது.

நாங்கள் சென்றது பேகம்பூர்ப் பகுதியில் உள்ள ஒரு சிறு கடை. ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிஸா பேகத்தின் பெயரால் அமைந்த பகுதி அது. நான் 1997-இல் முதன்முதலில் உண்டு, வீட்டில் வந்து வருணித்த கடை அதுவே. அந்நாளில் அங்கு ஆடவர் மட்டுமே அமர்ந்திருப்பர். இப்போது பின்புறம் ‘குடும்ப அறை’ என்று எழுதிய பலகையும், திரைச்சீலை தொங்கும் மூன்று சிறு அறைகளும் உள்ளன. “வாங்க ஹஜ்ரத்” என்று கல்லாவில் இருந்தவர் வரவேற்றார்.

எங்களுக்குக் கிடைத்த அறையின் மறுபுறம் சமையற்கூடம். துணைவியார் அமர்ந்ததும் முகத்தைச் சற்றே உயர்த்திக் காற்றை முகர்ந்தார். “இன்னும் தம் உடைக்கலை. கொஞ்சம் பொறுங்க, இப்ப உடைப்பாங்க” என்றார். அவர் கூறி முடித்த சிறிது நேரத்தில் தேக்சாவின் மூடியை நகர்த்தும் ஒலி கேட்டது. பிறகு மணம் வந்தது. பரிமாற வந்த இளைஞர் இதைக் கேட்டுவிட்டு உள்ளே சென்று சொல்லியிருக்க வேண்டும். முதிய பண்டாரி ஒருவர் தோளில் துண்டோடு திரைக்கு வெளியே வந்து நின்றார்.

“அம்மா, தம் உடைக்கிறதுக்கு முன்னாடியே சொன்னீங்களாமே?”

துணைவியார் வினாக்களைத் தொடங்கிவிட்டார். அரிசிக்குத் தண்ணீர் என்ன அளவு? பழைய அரிசியாயின் எவ்வளவு கூட்டுவது? தயிர் முதலில் சேருமா, எலுமிச்சை முதலிலா? புதினாவை வதக்குவதா, அரைப்பதா? பண்டாரியும் சளைக்காமல் விடை கூறினார். கையளவும் கண்ணளவுமாக அவர் விளக்கியதைத் துணைவியார் வேறு யாரும் புரிந்துகொள்ளாத விரைவில் புரிந்துகொண்டார். ஒரே கலையைக் கற்ற இருவர் பேசும் மொழி அது. அருகிருந்த எனக்கு அதில் பாதியே விளங்கியது.

இறுதியில் பண்டாரி கேட்டார்: “யாருகிட்ட கத்துக்கிட்டீங்கம்மா?”

“யாருகிட்டேயும் இல்லை. இவங்க இங்கே சாப்பிட்டுட்டு வந்து சொன்னாங்க. கேட்டுக்கிட்டு ஆக்கினேன். இன்னிக்குத்தான் முதல் தடவையா வாயில வைக்கப் போறேன்.”

முதியவர் என்னைப் பார்த்தார். மீண்டும் திரைப்பக்கம் திரும்பினார். ஒன்றும் கூறாமல் உள்ளே சென்றார். சற்றைக்கெல்லாம் தேக்சாவிலிருந்து முதலில் எடுத்த கறியும் சோறும் ஒரு தட்டில் வந்தன. “மாஸ்டர் உங்களுக்குன்னு எடுத்துத் தந்தாங்க” என்றார் இளைஞர்.

துணைவியார் பிஸ்மி கூறி ஒரு கவளம் உண்டார். கண்களை மூடியிருந்தார். நான் வாய் திறக்கவில்லை. முப்பது ஆண்டுக் கால விரிவுரை ஒன்று தன் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கப்படும் நேரத்தில் இடைமறிப்பது முறையன்று.

“நம்ம வீட்டுச் சோறு மாதிரியேதான் இருக்கு” என்றார் பின்னர். “மிளகு இங்கே கூட. புதினா நம்ம வீட்டில கூட. மத்தபடி ஒண்ணுதான்.” அவர் முகத்தில் தோன்றிய நிறைவை எழுத்தில் வடிக்க எனக்குப் போதிய புலமை இல்லை.

சிறிது நேரம் கழித்து அவரே, “ஆனா அடிச்சோறு இல்லாம என்னமோ மாதிரி இருக்கு” என்றார். தேக்சாவின் அடியில், கறியின் கொழுப்பும் மசாலையும் இறங்கி, லேசாகத் தீய்ந்து பொன்னிறமாகப் பிடித்திருக்கும் சோற்றைத்தான் குறிப்பிட்டார். நம் இல்லங்களில் ஆண்கள் உண்டு, பிள்ளைகள் உண்டு, விருந்தினர் உண்ட பிறகு, சமைத்தவர் கடைசியாக அமரும்போது எஞ்சியிருப்பது அதுவே. “உனக்கு அடிச்சோறு அவ்வளவு பிடிக்குமா?” என்று கேட்டேன்.

“பிடிச்சதும் உண்மைதான். மிஞ்சினதும் அதுதான்” என்றார்.

அவர் அதைக் குறையாகக் கூறவில்லை, நகைத்துக்கொண்டே கூறினார். ஆயினும் பேருந்தில் மதுரை செல்லும் வழியெங்கும் அவ்விரு சிறு வாக்கியங்களை நான் மனத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரும்பியதால் கிடைத்ததா, கிடைத்ததால் விரும்பியதா என்பதை அவரே பிரித்தறிய இயலாத அளவுக்கு இரண்டும் ஒன்றாய்க் கலந்துவிட்டிருந்தன. நம் பெண்களின் விருப்பங்கள் பல இவ்வாறு உருவாயின என்பதை மறுப்பதற்கில்லை.

மதுரையில் இந்த எண்ணத்திற்கு எதிர்பாராத ஒரு துணை நினைவுக்கு வந்தது. உலகப் பயணி இப்னு பதூதா 14ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில், மதுரையில் முஸ்லிம் சுல்தான்கள் ஆண்ட காலத்தில் இந்நகருக்கு வந்தார். அதற்கு முன் மாலத்தீவில் சில காலம் காஜியாக இருந்து, அங்கே மணமும் செய்துகொண்டார். அத்தீவின் பெண்கள் கணவருடன் அமர்ந்து உண்பதில்லை என்றும், மனைவி என்ன உண்கிறாள் என்பதைக் கணவன் அறியவே மாட்டான் என்றும் தம் பயண நூலில் அவர் வியப்புடன் குறிக்கிறார். தாம் பெரிதும் முயன்று மனைவியருள் சிலரைத் தம்முடன் உண்ணச் செய்ததாகவும், ஏனையோர் இசையவே இல்லை என்றும் எழுதுகிறார். எத்தனையோ அரசவைகளைக் கண்டவர், தம் இல்லத்துச் சுப்ராவைப் பற்றிய இந்தச் சிறு தோல்வியையும் மறைக்காமல் பதிவு செய்தமை போற்றத்தக்கது. இதனைத் துணைவியாரிடம் கூறினேன். “அந்த அம்மாமார்களுக்கு அடுப்படியில தனியாச் சாப்பிடறதுதான் நிம்மதியா இருந்திருக்கும். அவரு பக்கத்துல உட்கார்ந்தா கேள்வி கேட்டுக்கிட்டே இருந்திருப்பாரு” என்றார். வரலாற்று ஆய்வாளர் எவரும் இக்கோணத்தில் சிந்தித்ததாக நான் அறியேன்.

மதுரையில் நாங்கள் நாடிச் சென்றது ஜிகர்தண்டா. பாலைச் சுண்டக் காய்ச்சி, ஊறிய பாதாம் பிசினும் நன்னாரி சர்பத்தும் சேர்த்து, பாலேடும் பனிக்கூழும் மேலிட்டுத் தரும் பானம். ‘ஜிகர்’ என்பது பாரசீகத்தில் ஈரல். ‘தண்டா’ என்பது உருதுவில் குளிர்ச்சி. பாரசீகரும் அவர்வழி உருதுக் கவிஞரும் அன்பையும் துணிவையும் ஈரலில் குடிவைத்தனர். தமிழரும் அச்சம் மேலிடும்போது ‘ஈரக்குலை நடுங்கியது’ என்பர். ஆகவே இப்பானத்தின் பெயர் மதுரைத் தெருவில் யாருக்கும் அந்நியமாக ஒலிக்கவில்லை. ‘சர்பத்’ என்பதும் பருகுதல் என்னும் பொருள் கொண்ட அரபு வேரினது. ஒரு குவளைக்குள் அரபும் பாரசீகமும் உருதுவும் தமிழும் கரைந்திருக்கின்றன. மருத்துவரின் கட்டளையை மதித்து இருவருக்கும் சேர்த்து ஒரு குவளையே வாங்கினோம். அதில் பெரும்பகுதியை நானே பருகுமாறு ஆயிற்று. துணைவியார் நான்கு கரண்டியோடு நிறுத்திக்கொண்டு, பாதாம் பிசினை எத்தனை மணி நேரம் ஊறவைத்தனர் என்பதைக் கணித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் மாலை திருநெல்வேலியை அடைந்தோம். வழியெல்லாம் வெள்ளத்தின் சுவடுகள். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டு ஓடி ஒரு மாதமே ஆகியிருந்தது. நெல்லையப்பர் கோவிலின் எதிரே உள்ள இருட்டுக்கடை அல்வாவை அறியாத தமிழர் இலர். ராஜஸ்தானத்திலிருந்து வந்து குடியேறிய சிங் குடும்பத்தினர் நிறுவிய கடை. மங்கலான ஒற்றை விளக்கில் வாணிகம் நடந்தமையால் அப்பெயர் அமைந்தது. மாலையில் மட்டுமே விற்பனை. ‘ஹல்வா’ என்பது இனிமையைக் குறிக்கும் அரபுச் சொல். அரபுச் சொல் ஒன்று வடநாட்டுக் கைகளில் தவழ்ந்து, தாமிரபரணி நீரில் கரைந்து, தமிழில் ‘அல்வா’ என்று பெயர் பெற்று, ஏமாற்றுதலுக்கு ஒரு மரபுத்தொடராகவும் ஆகிவிட்டது. சொற்களின் பயணம் மனிதரின் பயணத்தைவிட நெடியது.

வரிசையில் நின்று வாங்கிய சூடான அல்வா இலையில் நெய் கசிய இருந்தது. கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, அதைப் புளிக்கவிட்டுத் தெளியவைத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்து நெடுநேரம் கிளறி எடுப்பது அது. துணைவியார் இதனை வீட்டில் மும்முறை செய்து பார்த்திருக்கிறார். சிட்டிகையளவு வாயிலிட்டவர், “இதை இனிமே நான் வீட்டில செய்யறதாயில்லை” என்று தீர்ப்புக் கூறினார். “இது கை மட்டும் பண்ற வேலை இல்லை. இந்தத் தண்ணியும் இவ்வளவு பெரிய சட்டியும் வேணும். வேணும்னா இங்கே வந்து வாங்கிக்கலாம்.” பெயர்ப்புக்கு இடங்கொடாத மூலங்களும் உண்டு என்பதை நான் மாணவர்களுக்குப் பல்லாண்டுகளாகக் கூறி வருகிறேன். அதனை இவ்வளவு மனநிறைவோடு ஏற்றுக்கொண்ட மொழிபெயர்ப்பாளரை அன்றுதான் கண்டேன்.

நான்காம் நாள் காயல்பட்டினம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ ‘காயில்’ என்று குறித்த துறைமுகம் தாமிரபரணியின் கழிமுகத்தை ஒட்டிய இப்பகுதியிலேயே இருந்தது. அரபு நாடுகளிலிருந்து குதிரைகள் வந்திறங்கியதை அவர் எழுதியுள்ளார். பெயர்பெற்ற கடையைத் தேடி இவ்வூருக்கு வருவோர் சிலரே. இங்கு சிறந்த உணவு இல்லங்களிலும் களறி விருந்துகளிலுமே கிடைக்கும். நான் பல்லாண்டுகளுக்கு முன் ஒரு நண்பரின் இல்லத்தில் உண்டதையே துணைவியாரிடம் வருணித்திருந்தேன். ஆகவே கடைக்கு மாறாக அவ்வில்லத்திற்கே சென்றோம். “வாங்க ஆலிம்சா” என்று நண்பர் எதிர்கொண்டார். திண்டுக்கல்லில் ஹஜ்ரத், மதுரையில் பாய், நெல்லையில் அண்ணாச்சி, காயலில் ஆலிம்சா. ஐந்து நாளில் ஒரே ஆளுக்கு நான்கு பெயர்!

2023 டிசம்பர் பெருமழையில் இச்சிற்றூரில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. நண்பரின் வீட்டுச் சுவரில் இடுப்பளவில் நீர்க்கோடு இன்னும் காயாமல் இருந்தது. அரிசி மூட்டைகளும் மசாலைப் பொடிகளும் நீரில் போய்விட்டன. அந்நாட்களில் தெருவில் ஓர் இடத்தில் உலை வைத்து, அனைவரும் அங்கேயே உண்டனர் என்று அவர் கூறினார். “அதுலயும் ஆணம் ஒழுங்கா இருந்துச்சு” என்று பெருமிதத்தோடு சேர்த்துக்கொண்டார். குழம்பைக் குறிக்கும் ‘ஆணம்’ பழந்தமிழ்ச் சொல். ஏனையோர் மறந்துவிட்ட பின்னும் நம் மக்கள் நாவில் உயிரோடிருக்கிறது. காலை உணவை நாம் ‘பசியாறுதல்’ என்கிறோமே, அதுவும் அத்தகையதே. புளியாணத்திற்கு வேண்டும் புளியையோ அரபிகள் ‘தமர் ஹிந்தி’, அதாவது இந்தியப் பேரீச்சம்பழம் என்றனர். நாம் அவர்தம் சொற்களை ஏற்றோம். அவர்கள் நம் புளிக்குத் தம் பேரீச்சையின் பெயரையே சூட்டினர்.

அங்கு ஒரு நிகழ்ச்சி. நான் ஷாஃபி மத்ஹபைச் சார்ந்த கடற்கரைக் குடும்பத்தினன். துணைவியார் உள்நாட்டு ஹனஃபிக் குடும்பத்தில் பிறந்தவர். இறால் பற்றி ஹனஃபி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவர் பிறந்த வீட்டில் அதை உண்பதில்லை. புகுந்த வீட்டிலோ இறால் இல்லாத வாரம் இல்லை. முப்பது ஆண்டுகளாக அவர் இறாலைச் சமைத்து வருகிறார், ஒருமுறையும் சுவைத்ததில்லை. உப்பையும் புளியையும் மணத்தாலேயே அளப்பார்.

நண்பரின் துணைவியார் இதையறிந்து உள்ளறையில் வியந்த குரல் எங்களுக்கும் கேட்டது. “உப்புப் பார்க்காம எப்படி ஆக்குவீங்க?” என்று அவர் வினவ, “நீங்க மூடியைத் திறங்க, நான் சொல்றேன்” என்று என் துணைவியார் விடையிறுத்தார். சிறிது நேர அமைதி. பிறகு, “உப்பு சரியா இருக்கு. தேங்காய்ப்பால் கடைசியா ஊத்தினீங்களே, அது இன்னும் ஒரு கொதி வாங்கணும்.” அதைத் தொடர்ந்து எழுந்த சிரிப்பொலியிலிருந்து, கணிப்புச் சரி என்று அறிந்தோம். விருந்தில் எங்களுக்கு இறாலும், அவருக்கென வேறு சட்டியில் ஆக்கிய மீனும் வந்தன.

இவ்வினா குறித்து இரு தரப்பு நூல்களையும் ஓதியவன் நான். இமாம்களின் ஆதாரங்களை மாணவர்க்கு விரித்துரைக்கவும் இயலும். எங்கள் வீட்டில் அவ்விவாதம் எழுந்ததே இல்லை. ஒரே அடுப்பில் இரண்டு சட்டி வைத்து, இரண்டு அகப்பைகளைக் கலவாமல் காத்து, ஒருவர் பிடிப்பை மற்றவர் குறைகூறாத ஒரு வழியை அவர் ஏற்படுத்தியிருந்தார். கருத்து வேற்றுமையிலும் கண்ணியம் காத்தல் என்று மேடைகளில் பேசுவோர் அந்த அடுப்படியை ஒருமுறை பார்க்கலாம்.

திரும்பும் வழி கிழக்குக் கடற்கரைச் சாலை. கீழக்கரையில் இறங்கித் தொதல் வாங்கினோம். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கரிய பளபளப்பு வரும்வரை கிளறும் இவ்வினிப்பு, மலாய் நாடுகளில் ‘தோதோல்’ என்று வழங்குவதன் உடன்பிறப்பு. மரக்கலமேறிச் சென்ற நம் முன்னோர் மிளகையும் துணியையும் மட்டும் கொண்டு திரும்பவில்லை. அங்கிருந்து கேட்டு வந்து சொல்லியிருப்பர். இங்கிருந்த பெண்கள் கேட்டு ஆக்கியிருப்பர். என் துணைவியார் செய்த பணிக்குப் பல நூற்றாண்டு முன்னோடிகள் உண்டு என்பது தொதலைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது விளங்கியது. கடல் வணிகம் செய்த மரைக்காயர் பலரின் பெயர்கள் வரலாற்றில் உள்ளன. அவர்கள் கொண்டுவந்த சுவையைக் காதால் கேட்டுக் கையால் நிலைநிறுத்திய பெண்மணிகளின் பெயர் ஒன்றும் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்தம் நூல்கள் தினமும் உண்ணப்பட்டுத் தீர்ந்துவிட்டன. ஒவ்வொரு தலைமுறையும் மீண்டும் எழுதவேண்டியதாயிற்று.

வீடு திரும்பிய முதல் வெள்ளிக்கிழமை திண்டுக்கல் பிரியாணி ஆயிற்று. மிளகு கூடுமா, புதினா குறையுமா என்று ஆவலோடிருந்தேன். புதினா பழையபடியே இருந்தது. “அவங்க கடை அவங்களுக்கு, நம்ம வீடு நமக்கு” என்றார். ஒன்று மட்டும் மாறிற்று. தேக்சாவின் அடிச்சோற்றை அவர் முதலிலேயே கரண்டியால் பெயர்த்துச் சஹனின் நடுவில் வைத்தார். தாமும் எங்களோடு சுப்ராவில் அமர்ந்தார். விருந்துக்கு வந்திருந்த என் தம்பி பிள்ளைகள் அதற்குப் போட்டியிட்டனர். அதன் பெரும்பகுதியை அவரே தம் பக்கம் இழுத்துக்கொண்டார். நாங்கள் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை.

வாசகப் பெருமக்களுக்கு நான் கூற விரும்புவது இது. பெரிய செலவும் நெடிய பயணமும் எல்லோருக்கும் இயலா. பக்கத்து ஊர்க் கடைவரை செல்வது பெரும்பாலோர்க்கு இயலும். திரை போட்ட ஓர் அறையும், ஒரு மணி நேரமும், கைபேசியை அணைத்துவைக்கும் மனமும் போதும். புறப்படும் முன் உங்கள் இல்லாளிடம் ஒரு வினாவைக் கேளுங்கள்: “உனக்கு என்ன உண்ண விருப்பம்?” ‘உங்களுக்குப் பிடித்ததே எனக்கும்’ என்பதுதான் முதலில் வரும் விடை. அதனை இறுதி விடையாகக் கொள்ளாமல் சற்றே காத்திருங்கள். இரண்டாம் விடை வருவதற்கு நேரமாகும். எங்கள் வீட்டில் அவ்வினாவை மீண்டும் கேட்டபோது இரண்டு நாள் கழித்து, தயிர்ப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே துணைவியார் விடை கூறினார்: “ஆம்பூர்.” இன்ஷா அல்லாஹ்.